அம்புலியும் கைத்திரையும்

பிள்ளைத்தமிழ் என்பது தெய்வத்தையோ பெரியாரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிரபந்தம் என்று வகுப்பிலே சொல்லிக் கொடுக்கின்றோம். அதன் பத்துப் பருவங்களின் பெயர்களை மாணாக்கர் மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் எழுதுகின்றனர், அதனோடு மறந்தும் விடுகின்றனர். அப்பத்துப் பருவங்களும் பிள்ளை வளர்ப்புக்கு ஓர் இலக்கணமாக அமைந்திருப்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நம் பிள்ளைகள் கைத்தொலைபேசித் திரைக்கு முன்னே பொழுதெல்லாம் கழிக்கும் இந்நாளில் அந்த இலக்கணத்தை மறுபடியும் எடுத்துப் பார்ப்பது பயனுடையது.

ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்திலே ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகின்றது. அது செங்கீரை. தாய் நாவசைத்துத் தாலாட்டுகின்றாள். அது தால். குழந்தை இரு கைகளையுஞ் சேர்த்துக் கொட்டுகின்றது. அது சப்பாணி. பின்னர் முத்தந் தருகின்றது. தளர்நடையிட்டு, அழைத்தவரிடம் வருகின்றது. தாயர் வானத்து நிலாவைக் காட்டி, இப்பிள்ளையோடு விளையாட வா என்று அழைக்கின்றனர். ஆண்பிள்ளையாயின் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன தொடரும். பெண்பிள்ளையாயின் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன தொடரும். மாதக் கணக்கிலும் பெண்பாற் பருவங்களின் பெயரிலும் பாட்டியல் நூல்கள் தம்முள் வேறுபடுவதுண்டு. வளர்ச்சியின் போக்கு ஒன்றே.

இப்பருவங்கள் அனைத்துக்கும் பொதுவாய் அமைந்தவை இரண்டு. பிள்ளைக்கு எதிரே மற்றொருவர் இருக்கின்றார் என்பது ஒன்று. பிள்ளையின் உடம்பு அசைகின்றது என்பது மற்றொன்று. தாலாட்டுவார் ஒருவரின்றித் தால் இல்லை. முத்தந் தா என்று கேட்பார் ஒருவரின்றி முத்தம் இல்லை. வா என்று கை நீட்டுவார் ஒருவரின்றி வருகை இல்லை.

கைத்திரையின் முன்னே இருத்தப்பட்ட குழந்தைக்கு இவ்விரண்டும் இல்லை. எதிரே ஒருவரும் இல்லை, உடம்பும் அசைவதில்லை. ஆதலின், பிள்ளை திரையிலே எதைப் பார்க்கின்றது என்று கேட்பதோடு நாம் அமைதல் கூடாது. பார்க்கும் அந்நேரத்தில் எதை இழக்கின்றது என்று கேட்டல் வேண்டும். நல்ல படமா, தீய படமா என்னும் ஆராய்ச்சி அதற்குப் பின்னரே வரத்தக்கது.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கென 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் இந்த நோக்கிலேயே எழுந்தது. அது திரையைப் பற்றி மாத்திரம் பேசவில்லை. உடலசைவு, அசையாது இருத்தல், நித்திரை என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்து, நாளொன்றின் 24 மணித்தியாலத்தையும் ஒரு முழுமையாகக் கொண்டு பேசுகின்றது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு வயது நிரம்பும்வரையும் அதனைத் தவிர்த்தலே நன்று. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறையுந்தோறும் நன்று என்பன அதன் விதிகள். ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாள்தோறும் 180 நிமிட உடலசைவு வேண்டும் என்பதும் அதிலே உள்ளது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் நன்கு உழைக்கும் விளையாட்டு வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகின்றது. நாளுக்கு மணித்தியாலம் இருபத்து நான்கே. ஒன்றற்குக் கொடுத்தது மற்றொன்றற்கு இல்லை.

பேச்சு

தமிழாசிரியராகிய நமக்கு முதலில் உறுத்துவது பேச்சு. ஒன்பது மாதக் குழந்தைக்கு எம்மொழியும் வரும், எவ்வொலியும் வசப்படும். அவ்வொலிகளை அது எங்கிருந்து பெறுகின்றது? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றீசியா கூல் என்னும் அம்மையாரும் அவர்தங் குழுவினரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தருகின்றது. ஆங்கிலம் பேசும் இல்லங்களில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் சிலர் எதிரே அமர்ந்து, பொம்மை காட்டிப் புத்தகம் வாசித்துப் பேசினர். பன்னிரண்டு அமர்வுகளின் பின், ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டை அக்குழந்தைகள் பிரித்தறிந்தன. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்களின் அதே பேச்சு தொலைக்காட்சி வழியாகக் காட்டப்பட்டது. அக்குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. பேசியவர் அவரே, பேச்சும் அதுவே, அவர் எதிரே இல்லை என்பதே வேறுபாடு.

தமிழிலே லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், நகர னகர ணகரங்களும் உள. இவற்றை வேறு பிரித்துக் கேட்கவும் சொல்லவும் குழந்தையைப் பழக்குவது எந்தப் புத்தகமும் அன்று. தாயின் வாயும், அப்பாச்சியின் கதையும், அயல் வீட்டுப் பிள்ளைகளின் சண்டையுமே பழக்குகின்றன. குழந்தை பிழையாகச் சொன்னால் தாய் சிரித்துத் திருத்துகின்றாள், திரை திருத்துவதில்லை. குழந்தை கேள்வி கேட்டால் தாய் மறுமொழி சொல்கின்றாள். திரையோ அடுத்த படத்துக்குப் போய்விடுகின்றது. கேட்பாரில்லாத இடத்திலே பேச்சு எப்படி முளைக்கும்?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கு ஓர் இயலே வகுத்தார். நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் உடம்பிலே தோன்றும். கண்ணுஞ் செவியும் கூர்மையாக உள்ளவர்க்கே அவை புலனாகும். இந்தக் கூர்மை பிறவியிலே முற்றாக வருவதன்று; முகம் பார்த்துப் பழகி வருவது. தாயின் முகத்தைப் பார்க்கும் நேரமெல்லாம் திரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நாளை ஒரு கவிதையிலே தலைவியின் கண்ணீரை எவ்வாறு உணரும்? தோழனின் துயரை எவ்வாறு அறியும்? இலக்கியம் கற்பிப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

கண்

நிலா ஏறத்தாழ 384,000 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. கைத்தொலைபேசியோ பிள்ளையின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் உள்ளது. அம்புலி காட்டிய தாயர் பிள்ளையின் பார்வையைத் தூரத்துக்கு அழைத்தனர். நாமோ அதனைச் சாணளவிலே கட்டி வைக்கின்றோம்.

கிட்டப்பார்வை என்னும் குறை உலகெங்கும், சிறப்பாகக் கிழக்காசியாவில், பிள்ளைகளிடையே பெருகி வருகின்றது. அண்மையிலுள்ள பொருளை இடைவிடாது நோக்கும் பழக்கமும், வெளியிலே உலாவாமையும் அதற்குத் துணையாகின்றன என்பர் கண் வைத்தியர். சீன தேசத்துக் குவாங்சூ நகரத்திலே பன்னிரண்டு பாடசாலைகளில் ஒரு பரிசோதனை நடந்தது. அவற்றுள் ஆறு பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாள்தோறும் 40 நிமிடம் வெளியிலே செயற்படும் பாடவேளை ஒன்று மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. மூன்றாண்டின் பின் அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு 30.4 பேருக்குக் கிட்டப்பார்வை உண்டாயிற்று. மேலதிகப் பாடவேளை இல்லாத பாடசாலைகளிலோ அது நூற்றுக்கு 39.5 ஆயிற்று. இம்முடிவு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்தில்லை, செலவில்லை, நாற்பது நிமிடப் பகலொளி மாத்திரமே. அவ்வொளி விழித்திரையிலே டோபமின் என்னும் பொருளைச் சுரப்பித்துக் கண்கோளம் மிகையாக நீளாமற் காக்கின்றது என்று கருதுகின்றனர்.

சீன தேசத்துப் பிள்ளைகளுக்குப் பகலொளி அருமருந்தாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் நமக்கோ ஆண்டு முழுதும் வெயில். அந்த வெயிலின் நடுவே ஓர் அறைக்குள் கதவைச் சாத்தி நம் பிள்ளை திரை பார்க்கின்றது.

துயில்

இனித் தாலுக்கு வருவோம். தாலாட்டின் பயன் உறக்கம். இருள் கவியும்போது மூளையிலே மெலற்றோனின் என்னும் சுரப்பு எழுந்து உடம்பை உறக்கத்துக்கு ஆயத்தஞ் செய்கின்றது. இரவிலே கண்ணிற்படும் ஒளி அச்சுரப்பைத் தடுக்கின்றது. முகத்துக்கு அருகே பிடித்த திரையின் ஒளி அதற்கு மாறாகவே தொழிற்படும். ஒளியைத் தவிர்த்தாலும், திரையிலே காண்பது மனத்தைக் கிளர்த்திவிடுகின்றது. பழைய தாலாட்டு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனத்தை அடக்கிற்று. புதிய திரை நொடிக்கொரு புதுமை காட்டி மனத்தை எழுப்புகின்றது. இரண்டும் பிள்ளையின் படுக்கையிலேயே நடக்கின்றன என்பது தவிர, இவற்றுக்கு ஒப்புமை இல்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் கூறியது. காலை ஐந்தரைக்கு எழுந்து பாடசாலைக்கு ஆயத்தமாகும் பிள்ளை இரவு எட்டரைக்கே துயில வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். நம் வீடுகளில் எட்டரைக்குத் துயிலும் பிள்ளை எத்தனை? முதற் பாடவேளையிலே கண் செருகிக் கிடக்கும் பிள்ளையை நாம் சோம்பேறி என்று ஏசுகின்றோம். அது சோம்பலன்று, இரவிலே பட்ட கடனை அது பகலிலே தீர்க்கின்றது.

பழங்கதையா?

'இவையெல்லாம் பழங்கதை ஐயா. நாவல் வந்தபோது நாவல் கெடுக்கும் என்றீர்கள். சினிமா வந்தபோது சினிமா கெடுக்கும் என்றீர்கள். 1982இல் ரூபவாஹினி வந்தபோது அதனையும் சொன்னீர்கள். உலகம் அழிந்துவிடவில்லையே' என்று இளைஞர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. விடையும் உண்டு.

நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்குச் சுபம் உண்டு. வானொலிக்கு நிகழ்ச்சி முடியும் நேரம் உண்டு. இன்றைய திரைக்கு முடிவில்லை. ஒரு படம் முடியுமுன் மறு படம் தானே தொடங்குகின்றது. விரலால் எவ்வளவு தள்ளினாலும் அடி காண இயலாது. அது தற்செயலாக நேர்ந்ததன்று. பார்ப்போர் எழுந்து போகாதிருத்தற்பொருட்டு வகுத்து அமைத்த அமைப்பு. கண்கள் தங்கும் நேரமே அங்கே விற்பனைச் சரக்கு. முதிர்ந்தோரே எழ முடியாத இடத்திலே ஐந்து வயதுப் பிள்ளையை இருத்திவிட்டு, அதற்குத் தன்னடக்கம் இல்லை என்று குறை சொல்வது நீதியாகாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்திலே சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்கப் பத்துப் பேர் சூழ இருந்து கேட்டனர். கேட்டதைப் பற்றி அன்றிரவெல்லாம் பேசினர். இன்று ஒரு வீட்டிலே நால்வர் இருந்தால் நான்கு திரை. ஒருவர் கண்டதை மற்றவர் காண்பதில்லை. பேசுவதற்கும் பொதுப்பொருள் இல்லை.

யார் கொடுத்தார்?

கைத்தொலைபேசியைப் பிள்ளை தானே தேடிக்கொள்ளவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. சூம் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் பாடம் வந்தது. நகையை அடகு வைத்துக் கைத்தொலைபேசி வாங்கிய பெற்றோரும் உளர். 2022இல் எரிபொருள் இல்லாமற் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. மறுபடியும் திரை திறந்தது. அன்று அது அவசியம். அதனைக் குறை சொல்வதற்கில்லை. பாடசாலை திறந்த பின்னரும் திரை மூடப்படவில்லை என்பதே இன்றைய கேடு. வீட்டுவேலை இன்றும் வாட்ஸ்அப்பிலே வருகின்றது. பாடத்துக்கென்று எடுத்த கருவி பாடம் முடிந்தபின் கையிலேயே தங்கிவிடுகின்றது.

அதற்கு முன்பே நாம் மாலைப்பொழுதைக் காலி செய்து வைத்திருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். புலமைப்பரிசில் பரீட்சையின் பெயராலே மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பினோம். கிளித்தட்டு மறித்த வளவுகள் மதில் கண்டன. கிட்டி அடித்த ஒழுங்கைகளில் மோட்டார்ச் சைக்கிள் ஓடுகின்றது. கொக்கான் வெட்டிய திண்ணை புதிய வீட்டிலே இல்லை. விளையாட்டு போன இடத்திலேதான் திரை வந்து குடியேறிற்று.

தனியே வீட்டைத் தாங்கும் தாய், அடுப்படியில் நிற்கும்போது பிள்ளையின் கையிலே கைத்தொலைபேசியைக் கொடுக்கின்றாள். அவளை நாம் ஏசலாகாது. முன்பு பிள்ளையைத் தூக்க அப்பாச்சியும் மாமியும் அயலும் இருந்தனர். அவர்களுட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். அவள் கேட்பது ஓய்வு, கிடைத்தது திரை.

நான்கு உபாயங்கள்

இனி என் செய்வது? அதற்கும் அம்புலிப் பருவமே வழி காட்டுகின்றது. அப்பருவம் பாடும் புலவர் நிலாவைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களால் அழைப்பர். நீயும் இப்பிள்ளையும் ஒப்பீர் என்பது சாமம். நீ ஒவ்வாய், இப்பிள்ளையே உயர்ந்தது என்பது பேதம். வந்தால் இன்னின்ன பெறுவாய் என்பது தானம். வாராவிடின் ஒறுக்கப்படுவாய் என்பது தண்டம். தண்டம் இறுதியிலே வருவது. பெற்றோர் பலர் அதிலேயே தொடங்குகின்றனர். திடீரெனப் பறிக்கின்றனர், பிள்ளை அலறுகின்றது, அலறலுக்கு அஞ்சித் திருப்பிக் கொடுக்கின்றனர். அலறினாற் கிடைக்கும் என்பதே பிள்ளை கற்ற பாடம்.

சாமம் ஒப்புமை பற்றியது. பிள்ளைக்கு விதித்ததைப் பெரியவரும் தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு வேளையிலே ஒருவர் கையிலும் தொலைபேசி இருத்தலாகாது. தகப்பனார் திரையைப் பார்த்துக்கொண்டே, 'தம்பி, அதை வைத்துவிட்டுப் படி' என்றால் அச்சொல் காற்றோடு போகும்.

பேதம் வேற்றுமை காட்டுவது. திரை என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கலாகாது. கட்டாரிலே உழைக்கும் தகப்பனும் கனடாவிலே இருக்கும் அம்மம்மாவும் திரையிலே தோன்றிப் பிள்ளையின் பெயர் சொல்லி அழைக்கின்றனர். பிள்ளை மறுமொழி சொல்கின்றது. அங்கே எதிரே ஒருவர் இருக்கின்றார். பதினெட்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் திரையை விலக்கிய அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் கழகமும் 2016இல் இதனை மாத்திரம் விலக்காது விட்டது. உறவோடு பேசுவது வேறு. பாடங் கற்பது வேறு. முடிவில்லாப் படத்திலே மூழ்கிக் கிடப்பது வேறு. இவ்வேற்றுமையைப் பிள்ளைக்கு நாமே சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

தானம் கொடுப்பது. திரையை வாங்கும் கை, வேறொன்றைக் கொடுக்க வேண்டும். மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை ஒரு மணித்தியாலம் வெளியும் வெயிலும் தோழரும் பிள்ளைக்கு உரியவை ஆகட்டும். அந்நேரத்தில் ரியூசன் வேண்டாம். சனசமூக நிலையங்கள் தம் முற்றத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும். இரவிலே ஒரு கதை. அது பெரிய கதையாக இருக்கவேண்டிய அவசியமில்லை. மிகுதி நாளைக்கு என்று நிறுத்திவைத்த கதைக்கு எந்தத் திரையும் ஈடாகாது.

தண்டம் வரம்பு கட்டுவது. இரண்டு வயது வரை உறவினர் அழைப்பன்றித் திரை இல்லை. சோறூட்டத் திரை இல்லை. துயிலுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே வீட்டுத் தொலைபேசிகள் எல்லாம் படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்திலே வைக்கப்படும். விதிகள் சிலவாக இருக்கட்டும். எவ்வளவு அழுதாலும் மாறாதிருக்கட்டும். தேசங்களும் இன்று வரம்பு கட்டுகின்றன. பிரான்ஸ் தேசம் 2018இல் தொடக்கப் பாடசாலைகளிலும் அதனை அடுத்த நடுநிலைப் பாடசாலைகளிலும் கைத்தொலைபேசியைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. அவுஸ்திரேலியா பதினாறு வயதிற்குட்பட்டோர் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025 டிசெம்பர் 10ஆம் திகதி முதல் நடைமுறைப்படுத்திற்று. சட்டம் வீட்டு வாசல் வரைதான் வரும். வாசலுக்கு உள்ளே வரம்பு கட்ட வேண்டியவர் நாமே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்க வகுப்புப் பிள்ளையின் வீட்டுவேலையைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளையின் கையாலே கொப்பியில் எழுதுவியுங்கள். வாட்ஸ்அப் பெற்றோருக்கு அறிவித்தல் சொல்வதோடு நிற்கட்டும். விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்கோ சுற்றாடலுக்கோ கடன் வாங்காதீர்கள். குவாங்சூப் பிள்ளைகளின் கண்ணைக் காத்தது அத்தகைய ஒரு பாடவேளையே. நம் கையில் உள்ள இவ்வளவையும் செய்தபின்னர் பெற்றோரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.

பத்துப் பருவங்களையும் பாடிய புலவர்கள் பிள்ளைக்கு விலையுயர்ந்த பொருள் எதனையும் கேட்கவில்லை. தாலாட்ட ஒரு குரல், தளர்நடைக்கு ஒரு முற்றம், சிற்றிலுக்குக் கொஞ்சம் மணல், அண்ணாந்து பார்க்க ஒரு நிலா: இவையே கேட்டனர். நிலா இன்றும் வருகின்றது. மணலும் முற்றமும் முயன்றாற் கிடைக்கும். அந்தக் குரலை நாமே கொடுத்தல் வேண்டும். கொடுப்பதற்கு முதலில் நம் கையிலிருக்கும் திரையைக் கீழே வைத்தல் வேண்டும்.